பந்தலூர்த் தங்கமும் ஒரு மெல்பேர்ன்காரரின் அறிக்கையும்

(மெல்பேர்னில் நமது ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நாம் கூடியிருக்கும் இந்த இடம் குலின் தேசத்து வுருண்ட்ஜெரி மக்களின் நிலம். அவர்கள் இதன் மீதான உரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறோம். இன்றைக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை, பேசப்போகிற விஷயத்துக்குள்ளேயே வருகிறது. கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

நான் பிறந்தது நீலகிரி மாவட்டம், பந்தலூர் பக்கம். தாத்தாவும் பாட்டியும் பதுளையிலிருந்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவங்க. அம்மா கொழுந்து பறிச்சவங்க. நான் இங்கே சில வருசமா கனிம மாதிரிகளைச் சோதிக்கிற ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பாக்குறேன். எங்கிருந்தோ பையில் கல் வரும். அதை உடைச்சு, மாவாக அரைச்சு, அதில் 50 கிராம் எடுத்து ஈயத்தோடு சேர்த்து உருக்கி, டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று எழுதி அனுப்புவோம். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் ஒரு மலைக்கு விலை பேசுறாங்க. அதனால் இந்த எண் எப்படிப் பிறக்கிறது, பிறந்த பிறகு என்ன பண்ணுகிறது என்பதில் எனக்கு எப்பவும் ஒரு கண் உண்டு.

இன்றைக்கு மூன்று இடங்களைப் பற்றிப் பேசப்போறேன். பந்தலூர், மேலூர், பிறகு நாம இருக்கிற இந்த நாடு.

மலைக்குள் என்ன இருந்தது?

பந்தலூர், தேவாலா பகுதி அன்றைக்குத் தென்கிழக்கு வயநாடு. மலபார் மாவட்டத்தில் இருந்ததை 1877-இல் நீலகிரியோடு சேர்த்தார்கள். அங்கே பழைய கடினப் பாறைக்குள் வெள்ளை வெள்ளையாகக் குவார்ட்ஸ் ரேகைகள் ஓடுகின்றன. நம்ம ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அதுதான். அந்தக் கல்லுக்குள் பைரைட் என்கிற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கு. பார்க்கத் தங்கம் மாதிரியே மினுங்கும், ஆனால் தங்கம் இல்லை. அந்தப் பைரைட்டோடு ஒட்டி, மிக மிகச் சிறிய துகளாக, உண்மையான தங்கமும் இருக்கு.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். குறும்பர்கள் பாறை இடுக்கில் தோண்டி, கல்லை இடித்து, ஓடைத் தண்ணீரில் அலசித் தங்கம் எடுத்தார்கள். ஓடை மணலை அலசும் வேலையில் ஜன்மிகளின் அடிமைகளும் இருந்தார்கள். நிலத்தை விற்றால் அதோடு சேர்த்துப் பணியர்களையும் விற்ற காலம் அது. இதை ஏன் சொல்றேன்னா, "முன்னாடி எல்லாம் சொர்க்கமா இருந்தது, கம்பெனி வந்து கெடுத்தது" என்ற கதையை நான் சொல்ல வரவில்லை. தங்கம் அப்போதும் யாரோ ஒருவரின் முதுகில்தான் வெளியே வந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க. கனிமம் வேறு, தாது வேறு. கனிமம் இயற்கை போட்டது, அது பாறைக்குள் கிடக்கு. தாது என்பது ஒரு கணக்கு. தோண்டி எடுத்தால் லாபம் வரும் என்று ஒருவர் கணக்குப் போட்ட பிறகுதான் கனிமம் தாது ஆகிறது. இது நான் கண்டுபிடித்த மார்க்சியத் தத்துவம் இல்லை, சுரங்கவியல் பாடப்புத்தகத்தில் உள்ள வரையறையே கிட்டத்தட்ட இதுதான். அந்தக் கணக்கை யார் போடுறாங்க, யாருக்காகப் போடுறாங்க, கூலி எவ்வளவு, நிலம் என்ன விலை என்று எழுதிக்கிறாங்க என்பதில்தான் அரசியல் இருக்கு.

மெல்பேர்னிலிருந்து போனவர்

1879-இல் வயநாட்டுத் தங்கத்தைப் பார்த்து அறிக்கை எழுதப் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒருவரை நியமித்தது. அவர் பெயர் ராபர்ட் பிரா ஸ்மித். அவர் இந்த ஊர்க்காரர். இங்கிலாந்தில் பிறந்து, விக்டோரியாவுக்கு வந்து, 1860 முதல் இந்தக் காலனியின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். விக்டோரியாவின் தங்க வயல்களைப் பற்றி 1869-இல் பெரிய புத்தகம் எழுதினார். தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களைக் கொடுமையாக நடத்தினார் என்று ஒரு விசாரணை நடந்து, 1876-இல் பதவியை விட்டார்.

இதே மனிதர் இன்னொரு பதவியிலும் இருந்தார். பூர்வகுடி மக்களின் நலனைக் "கவனிக்க" 1860-இல் அமைத்த வாரியத்துக்கும் அவர்தான் கௌரவச் செயலாளர். விக்டோரியாவின் பூர்வகுடிகளைப் பற்றி 1878-இல் இரண்டு பாகமாக ஒரு நூலும் வெளியிட்டார். யோசிச்சுப் பாருங்க. நிலத்துக்கு அடியில் உள்ளதைக் கணக்கெடுக்கிற நாற்காலியிலும், நிலத்தை இழந்தவர்களை "பாதுகாக்கிற" நாற்காலியிலும் ஒரே ஆள். நான் ஆரம்பத்தில் சொன்ன வுருண்ட்ஜெரி மக்கள் அந்த வாரியத்தின் அதிகாரத்துக்குள்தான் ஹீல்ஸ்வில் அருகே கொராண்டர்க்கில் வாழ்ந்தார்கள்.

அந்த ஆள்தான் பந்தலூர் வந்தார். பாறை முகடுகளில் கல் எடுத்துச் சோதித்தார். 1880-இல் வந்த அறிக்கை நம்பிக்கையோ நம்பிக்கை. லண்டனில் தீப்பிடித்த மாதிரி ஆச்சு. 1880, 1881-இல் நாற்பதை ஒட்டிய கம்பெனிகள், பல மில்லியன் பவுண்டு முதல். பந்தலூரை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள் எல்லாம் பந்தலூர்ப் பங்கு வாங்கினார்கள்.

அந்தப் பணம் எங்கே போச்சு? வயநாட்டில் அப்போது காப்பித் தோட்டங்கள் நொடித்துக் கிடந்தன. தண்டு துளைப்பான் ஒரு பக்கம், இலங்கைக் காப்பியை அழித்த அதே இலை நோய் இன்னொரு பக்கம். வாங்க ஆளில்லாத அந்தத் தோட்டங்களை, "இதற்கு அடியில் தங்கம் இருக்கு" என்று சொல்லித் தோட்டக்காரர்கள் தங்கக் கம்பெனிகளுக்குக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். திரட்டிய முதலில் பெரும் பங்கு நிலம் விற்றவர்களுக்கும் கம்பெனி தொடங்கியவர்களுக்கும் போய்விட்டது. மீதியில் இயந்திரம் வாங்கி, கடல் கடந்து, மலைப்பாதை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கல்லை இடித்தார்கள். வந்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. இரண்டு மூன்று வருசத்தில் எல்லாம் சரிந்தது. பிரா ஸ்மித் மெல்பேர்னுக்கே திரும்பி வந்து 1889-இல் இறந்தார்.

அறிக்கை பொய்யா? என் தொழில் அறிவுக்குத் தெரிந்ததைச் சொல்றேன். மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான வருசமாக மழையும் காற்றும் பட்டுப் பைரைட் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அதில் சிக்கியிருந்த தங்கம் விடுபட்டு அங்கேயே தங்கும். அதனால் மேலே எடுக்கிற துருப்பிடித்த கல்லில் தங்கம் கூடுதலாகத் தெரியும். ஆழம் போகப் போக அது குறையும். இருப்பதும் பைரைட்டுக்குள் பூட்டிக் கிடக்கும். அன்றைக்கு இருந்த வழி கல்லை இடித்துப் பாதரசத்தில் பிடிப்பது. பூட்டிக் கிடக்கிற தங்கத்தைப் பாதரசம் சரியாகப் பிடிக்காது. சயனைடு முறை வந்ததே 1887-க்குப் பிறகுதான். ஆகவே அவர் கையில் எடுத்த கல்லில் தங்கம் இருந்தது உண்மை. அந்தக் கல்லை மலை முழுக்கப் பரப்பிக் காட்டியதுதான் கோளாறு. இருபதாம் நூற்றாண்டு பிறக்கிற சமயத்தில் ஜியாலஜிக்கல் சர்வே ஆட்கள் மறுபடி வந்து பார்த்துவிட்டு, லாபம் வராது என்றே சொன்னார்கள்.

ஆனால் பாருங்க, தங்கம் வராவிட்டாலும் அறிக்கை வேலை செய்தது. நிலம் கைமாறியது, காடு பத்திரத்தில் ஏறியது. அந்த நிலங்களில் பிறகு தேயிலை வந்தது. மலையின் பூர்வகுடிகள் ஓரத்துக்குப் போனார்கள். 1968-இல் தொடங்கி, இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட எங்க சனத்தைக் குடிவைக்க அரசே காட்டு நிலத்தில் தேயிலை போட்டது, அதுதான் டேன்டீ. 1969-இல் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, பத்தாண்டுகள் பல கடந்தும் வழக்கு, பட்டா இல்லை, வீட்டுக்குக் கரண்ட் இல்லை என்று கூடலூர்ப் பக்கம் இன்றைக்கும் தீராத பிரச்சினை. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், நாங்கள் என எல்லாரும் அந்தக் காகிதச் சிக்கலுக்குள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் இடித்துக்கொண்டு நிக்கிறோம். பழைய குழிகளில் இப்பவும் திருட்டுத்தனமாகத் தங்கம் தேடி இறங்குகிறார்கள். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் செத்திருக்காங்க. லண்டனில் பங்கு சரிந்து நூற்றி நாற்பது வருசம் ஆச்சு. குழி இன்னும் ஆள் கேட்குது.

"பந்தலூரில் தங்கம் குறைவு, அதான் இப்படி" என்று சொல்லலாம். சரி, நிறைய இருந்த இடத்தைப் பாருங்க. அதே 1880-களில் கோலாரில் உண்மையிலேயே பெரிய ரேகை கிடைத்தது. 120 வருசம் ஓடிய சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். இறங்கினவங்க பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் மக்கள். 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். தங்கம் தீர்ந்ததால் இல்லை, எடுக்கிற செலவு விலையைத் தாண்டியதால். தங்கம் போச்சு, சயனைடு மண்மேடும் நுரையீரல் நோயும் அவர்களுக்கு மிஞ்சியது. தோத்த இடத்துக்கும் ஜெயித்த இடத்துக்கும் லண்டன் கணக்கில் பெரிய வித்தியாசம். குடியிருப்பு வரிசையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

மேலூரில் காகிதத்தைப் படித்தவர்கள்

இனி மேலூர். 2023-இல் ஒன்றிய அரசு சுரங்கச் சட்டத்தைத் திருத்தியது. 24 கனிமங்களை "முக்கியக் கனிமம்" என்று பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதில் டங்ஸ்டனும் ஒன்று. 2024 நவம்பர் 7 அன்று மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் எடுத்ததாக அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர்.

அந்தத் தொகுதிக்குள் என்ன இருக்கு? அரிட்டாபட்டி இருக்கு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு குன்றுகள், ஏரி குளங்கள், நீரூற்றுகள், சமணப் படுக்கை, தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை. அதைச் சுற்றி வயல், ஆடு மாடு, வீடு.

அங்கே தேடியது ஷீலைட் என்கிற கனிமம். கால்சியமும் டங்ஸ்டனும் சேர்ந்தது. பகலில் பார்த்தால் சாதாரண வெளிறிய கல். இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால் நீல வெள்ளையாய் ஒளிரும். நான் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கேன், அழகா இருக்கும். அந்த விளக்குக்கு ஷீலைட் தெரியும். கண்மாய் தெரியாது, கிடைபோட்ட ஆடு தெரியாது.

இன்னொன்றையும் கவனிங்க. ஏலம் போனது கூட்டு உரிமம். அதாவது முதலில் துளைபோட்டுத் தேடு, கிடைத்தால் அப்படியே சுரங்கக் குத்தகைக்கு மாறிக்கொள். எவ்வளவு இருக்கு, எடுக்கக் கட்டுமா என்பதே இன்னும் முழுசாகத் தெரியாத கட்டம். 1880-இல் பந்தலூர் எந்தக் கட்டத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அதே கட்டம்.

ஆனால் மேலூர் சனம் பந்தலூர் மாதிரி ஆகவிடவில்லை. அறிவிப்பைப் படித்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், எந்தெந்த ஊர் உள்ளே வருதுன்னு எண்ணினார்கள். கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறுபரிசீலனை செய்யலாம் என்றது. அது 200 ஹெக்டேருக்கும் குறைவு. நல்லாக் கவனிங்க, கல்வெட்டும் பறவையும் இருக்கிற இடத்தை விட்டுத்தருகிறோம், மனுசன் விவசாயம் பண்ணுகிற 1,800 ஹெக்டேரைக் கொடு என்கிற பேரம் அது. மக்கள் அதற்கு மயங்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் அறிவித்தது.

இந்த வெற்றிக்கு அரசியல் கட்சிகள் எல்லாம் உரிமை கொண்டாடின. கொண்டாடட்டும். தூத்துக்குடியில் அதே குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்தவர்களில் 13 பேர் 2018-இல் சுட்டுக் கொல்லப்பட்டது யாருக்கும் மறக்கவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் 12 கிராமசபைகள் கூடி அதே குழுமத்தின் பாக்சைட் திட்டத்தை மறுத்ததும் மறக்கவில்லை. மேலூரின் பலம் இந்த நினைவிலிருந்தும் வந்தது. ஆனால் ரத்தானது ஒரு தொகுதிதான். 2023 சட்டத் திருத்தம் அப்படியே இருக்கு. அடுத்த மலைக்கு அடுத்த எண் போட்டு வரலாம்.

நமக்கு இங்கே என்ன வேலை?

"டங்ஸ்டன் வேண்டாம்னா உன் துரப்பண முனைக்கு என்ன பண்ணுவே?" என்று என் கூட வேலை செய்கிறவரே கேட்டார். நியாயமான கேள்வி. இரும்பை அறுக்கிற கருவி முதல் பீரங்கிக் குண்டு வரைக்கும் அது வேண்டும். உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் சீனாவிடம் இருக்கு. அதனால்தான் "முக்கியக் கனிமம்" என்கிற சொல்லை எல்லா அரசும் பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியப் பட்டியலிலும் டங்ஸ்டன் உண்டு. 2022 மார்ச்சில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் முக்கியக் கனிம முதலீட்டுக்கு ஒரு கூட்டு ஒப்பந்தமே போட்டன. சுரங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் சம்பளமே அதில்தான் வருது. யாருக்கு முக்கியம், எதற்கு முக்கியம், எவ்வளவு போதும் என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்கிறேன்.

இந்த நாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்றேன். 1969–70-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பொசைடன் என்கிற கம்பெனிக்கு நிக்கல் கிடைத்தது என்று செய்தி வந்தது. ஒரு டாலருக்கும் கீழே இருந்த பங்கு சில மாதத்தில் 280 டாலர் ஆனது, பிறகு விழுந்தது. பந்தலூர் கதையேதான். ஆனால் நட்டப்பட்டவர்கள் இங்குள்ள பங்குதாரர்கள். அதனால் குழு அமைத்தார்கள், விதி எழுதினார்கள். 1989-இல் ஜார்க் கோடு வந்தது. துளையில் ஒரு நல்ல கல் கிடைத்தால் அதை "தாது இருப்பு" என்று சொல்ல முடியாது. எத்தனை துளை, எவ்வளவு இடைவெளி, எவ்வளவு நிச்சயம் என்று படிப்படியாகப் பிரித்து, தகுதியுள்ள ஒருவர் கையெழுத்துப் போடணும். நல்ல விதி. நான் தினமும் அதன்படிதான் வேலை செய்கிறேன்.

இந்த விதி யாரைக் காக்கிறது? பங்கு வாங்குகிறவரை. மலையில் குடியிருப்பவரைக் காக்க இதே கறாரான விதி எங்கே? 1993 பூர்வகுடி நில உரிமைச் சட்டம் பேச்சுவார்த்தைக்கு உரிமை தருது, மறுக்க உரிமை தரவில்லை. வடக்குப் பிரதேசத்தில் 1976 சட்டத்தின்படி பூர்வகுடி நில உடைமையாளர்கள் மறுக்கலாம். அதுவும் ஆய்வுக் கட்டத்திலேயே, முதல் துளை போடும் முன்பே. தேசநலன் என்று சொல்லி அரசு அதைத் தாண்ட வழி வைத்திருக்கிறது என்றாலும், இந்த ஒரு விஷயம் முக்கியம். கனிமம் இருக்கா இல்லையா என்று தெரிந்த பிறகு கேட்பது சம்மதம் இல்லை. அதற்குள் விலை வந்துவிடும். முன்னாடியே கேட்கணும். மேலூர் சனம் சட்டம் தராத இந்த உரிமையைத் தெருவில் இறங்கி எடுத்துக்கொண்டார்கள்.

பந்தலூர்ப் பங்கு லண்டனில் உச்சத்தில் இருந்த அதே 1881-இல், கொராண்டர்க் மக்கள் வில்லியம் பராக் தலைமையில் தங்கள் நிலம் பறிபோகாமல் இருக்க விசாரணைக் குழு முன் சாட்சி சொன்னார்கள். எழுத்துமூலம் மனுக் கொடுத்தார்கள், நகரம் வரை நடந்தே வந்தார்கள். பந்தலூர்க் குறும்பரிடமோ பணியரிடமோ சாட்சி கேட்க அன்றைக்கு ஒரு விசாரணைகூட இல்லை. இரண்டு இடத்துக்கும் இடையில் இருந்த ஒரே பாலம் பிரா ஸ்மித் மாதிரி ஆட்கள்தான். இப்போது நாமும் இருக்கோம்.

நடைமுறையாக இரண்டு விஷயம் முன்வைக்கிறேன். ஒன்று, இந்திய சுரங்க அமைச்சகம் வெளியிடும் ஏலத் தொகுதிச் சுருக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், நிபுணர் மொழியில் இருக்கு. நம்மில் பொறியாளர், புவியியல் படித்தவர், மொழிபெயர்க்கத் தெரிந்தவர் எல்லாரும் இருக்கோம். தமிழ்நாட்டுத் தொகுதி எது வந்தாலும் அதைச் சாதாரணத் தமிழில் எழுதி, எந்த ஊர், எந்தக் கண்மாய் உள்ளே வருது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு அனுப்பலாம். இலங்கைக்கும் இதையே செய்யலாம், மன்னார் மணலில் இல்மனைட் தேடுகிற கம்பெனிகளில் ஆஸ்திரேலியத் தொடர்பு உள்ளவையும் உண்டு. இரண்டு, உங்க சூப்பர் நிதி எந்தச் சுரங்கக் கம்பெனியில் பணம் போட்டிருக்கு என்று கேட்டு எழுதுங்க. பதில் வந்தால் அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவாங்க, சேர்ந்து படிப்போம்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு மூன்று பேர் ஏற்கனவே பெயர் கொடுத்திருக்காங்க, இன்னும் நாலு பேர் வேணும். தேநீர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்க. இப்போ கேள்விகளுக்குப் போகலாம்.